தம்பியின் ராக்கெட் யோ-யோக்கள்

தம்பி, பிறந்த வாரமே வந்த காய்ச்சலை வென்றான். வலக்கை இனி எழும்பாது என்று மருத்துவர் கையை விரித்தபின், இடக்கையாலேயே சட்டைப் பொத்தான் போடப் பழகினான். பேருந்துப் பணிமனையில், "ஒத்தைக் கையை வச்சு வண்டி கழுவுவியா?" என்று சிரித்தவர்களை வாயடைக்க வைத்தான். நகரத்து யோ-யோ போட்டியில், தன் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகளோடு நின்று கோப்பை வாங்கினான்.

பள்ளிக்கூடம் மட்டும் அவனை வென்றுவிட்டது. இடக்கையால் எழுதக் கூடாது என்றார்கள். இரண்டாம் வகுப்போடு நின்றான். சம்பளத்துக்கும் கைநாட்டுதான்.

ஒருநாள் கழுவ வந்த பேருந்தின் பின்சீட்டுக்கு அடியில் ஒரு பழைய மர யோ-யோ கிடந்தது. ஒரு பக்கம் சிவப்பு ராக்கெட், மறுபக்கம் நிலா. யாரும் தேடி வரவில்லை. அன்று பிடித்தது பைத்தியம். பழைய சாமான் கடைகளை அலசி, விண்வெளிப் படம் போட்ட யோ-யோ, கோள்கள் வரைந்த தகரப் பம்பரம் என்று அலமாரியை நிறைத்தான். சோப்புப் போட்டுக் கைகழுவாமல் எதையும் தொடமாட்டான். ஒவ்வொன்றும் வந்த பெட்டிமேல் உள்ள பெயரை ஒரு சீட்டில் அச்சு அசலாகப் பார்த்து இறக்குவான்.

"எழுத வராதும்பியே, இது என்னடா?" என்பாள், தையல் கடையில் காஜா எடுக்கும் அவன் அக்கா.

"இது எழுத்து இல்லக்கா. படம்."

குழந்தைகள் அருங்காட்சியகம் அவன் சேகரித்ததையெல்லாம் காட்சிக்கு வைக்கக் கேட்டது. ஒப்படைப்புத் தாளில் யார் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கிறாரோ, அவர் பெயர்தான் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். அதில் தம்பியின் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்பதே அக்காவின் ஆசை.

அருங்காட்சியகப் பொறுப்பாளர் கைநாட்டு மைப்பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினார். தம்பி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"இனிமேதான் எல்லாத்தையும் உள்ள அடுக்கணும் மேடம். இந்த மை சோப்புக்கும் போகாது, ஒட்டுச்சுன்னா நிலா போயிடும்."

"தாள் முடியாம கண்ணாடிப் பெட்டியைத் திறக்க முடியாதே. அக்கா கையெழுத்து போடட்டும். அவங்க பேர்லயே இருக்கட்டும்."

"நான் ஒண்ணைக்கூடச் சுத்தினது கிடையாது. எனக்கு எதுக்குங்க பேரு?" அக்கா தாளைத் தம்பி பக்கமே தள்ளினாள்.

தம்பி மேசைமேல் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, என் பேரை ஒரு சீட்டுல பெருசா எழுதிக் குடு."

"எதுக்குடா?"

"பார்த்து வரையத்தான்."

எழுதிக் கொடுத்தாள். அவன் இடக்கையால் பேனாவைப் பிடித்து, ஒவ்வொரு வளைவையும் பார்த்துப் பார்த்து இழுத்தான். நடு எழுத்து கோட்டுக்குக் கீழே சரிந்தது. கடைசிப் புள்ளியை வைத்ததும் விரல்களைத் திருப்பிப் பார்த்தான். மை இல்லை. ராக்கெட்டை எடுக்கக் கை நீட்டினான்.

தேதி போட மறந்திருந்தான். அதை அக்கா எழுதினாள்: 2011 ஆகஸ்ட் 17.