எல்லாம் ஓகே, டாக்டர்

நான் தாதியாக வேலை செய்யும் மருத்துவமனையில் புது டாக்டர்களுக்குப் பயிற்சி நடக்கும்போது, நோயாளியின் மகளாக நடிப்பது நான்தான். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். “எல்லாம் ஓகே, டாக்டர்” என்பேன். அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்கிற டாக்டரை நிறுத்துவேன். படுத்துத் தூங்கினாரா, உட்கார்ந்தே இருந்தாரா, எத்தனை வாய் சாப்பிட்டார் என்று கேளுங்கள். கூட இருப்பவர்களுக்குத் தெரியும், ஆனால் தாமாகச் சொல்லமாட்டார்கள் என்பேன். நன்றாக நடிக்கிறேன் என்று என்னைப் பாராட்டுகிறார்கள். பழக்கம்தான், வேறென்ன.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா வேலை செய்த ரப்பர் தோட்டத்தை விற்று, தொழிலாளர் வீடுகளை இடித்த பிறகு, கோப்பெங் பக்கம் ஒரு மலிவுவிலை வீட்டுக்கு வந்திருந்தோம். இருதயம் பலவீனம் என்று அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அப்பாவுக்குத் தெரிந்த மலாய் மார்க்கெட்டில் பேரம் பேசுவதோடு சரி. பள்ளியில் மலாயில் நான் முதல் என்பதால், டாக்டரிடம் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது.

ஒருநாள் காலை அப்பாவும் நானும் போனபோது, பக்கத்துக் கட்டில் அக்கா எங்களைப் பார்த்ததுமே சொன்னார். “உங்கம்மா படுக்கவே இல்லலா, பாப்பா. படுத்தா மூச்சு முட்டுதாம். விடிய விடிய குந்திக்கிட்டே இருந்துச்சு.”

தோட்டத்தில் மேலாளர் துரை விசாரித்தால் நல்லா இருக்கோம் என்றுதான் சொல்லவேண்டும். அப்பா டாக்டரையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தார். “அதெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லாத. குறை சொன்னா கோவிச்சிக்குவாங்க, அப்புறம் கவனிக்க மாட்டாங்க” என்றார். அம்மாவுக்கும் தீபாவளிக்கு வீட்டில் இருக்கவேண்டும். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல அழுத்தினார்.

டாக்டர் வந்தார். அம்மா நன்றாகத் தூங்கினாரா என்று மலாயில் கேட்டார். அம்மா சிரித்தார். நான் “ஓகே, டாக்டர்” என்றேன். சாப்பாடு? அதுவும் ஓகே. அவர் “பண்டாய்” என்று என் தலையைத் தட்டினார். கெட்டிக்காரி என்று என்னை ஒரு டாக்டரே சொல்லிவிட்டார். மறுநாள் அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டிலும் அம்மா படுக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முறுக்கு மாவு பிசைந்தார். நான்காம் நாள் மதியம், அந்த நாற்காலியிலேயே போய்விட்டார். டாக்டர்மேல் எனக்குக் கோபமில்லை. அப்பாமேல் இருந்த கோபமும் நான் இந்த வேலைக்கு வந்த பிறகு தேய்ந்துவிட்டது. என்மேல் உள்ளதுதான் தீரவில்லை, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எத்தனை பேர் சொன்னாலும்.

அடக்கம் முடிந்து வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். தைப்பிங்கிலிருந்து வந்த அத்தை என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அழுதார். அவரைத் தேற்றுவதற்காக நான் சத்தமாகவே சொன்னேன்: “நாந்தான் அத்தை டாக்டர்கிட்ட பேசி அம்மாவ வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன்.”

அப்பா எழுந்து குளியலறைக்குள் போனார். குழாயில் தண்ணீர் வெகுநேரம் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை பேர் வந்திருக்கும்போது, ஏற்கெனவே குளித்த மனிதருக்கு இன்னொரு குளியல் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.