பாய்லர் பக்கத்தில் இன்சுலின்

"மேடம், இது ஆன்லைன்ல வாங்கினது. ஆனா நீங்கதான் பாத்து சொல்லணும்."

விழுப்புரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெடிக்கலில் நான் ரொம்ப வருஷமாக பார்மசிஸ்ட். ஒரு மழைநாள் காலையில், கோலியனூர்ப் பக்கத்து கிராமத்துக் கொத்தனார் ஐயப்பன் கவுன்டரில் நின்று இப்படித்தான் ஆரம்பித்தான். பக்கத்தில் அவன் மனைவி செல்வி, ஏழு மாசம். கர்ப்பத்தில் வந்த சுகருக்கு டாக்டரம்மா பேனா மாதிரி இருக்கிற இன்சுலின் ஊசி எழுதியிருந்தார். முதல் பேனா நன்றாக வேலை செய்தது. ரெண்டாவதைத் தொட்டதிலிருந்து சுகர் ஏறிக்கொண்டே போகிறது. அளவைக் கூட்டியும் இறங்கவில்லை. இப்படியே போனால் குழந்தைக்கு ஆபத்து, அட்மிட் ஆகணும் என்று சொல்லிவிட்டார்.

"மொத குழந்த வயித்துலயே போயிடுச்சு மேடம். இதுவாச்சும் நிக்கணும்," என்றாள் செல்வி.

எனக்குக் கோபம்தான் வந்தது.

"ஆன்லைன்ல வாங்காதீங்கன்னு தொண்டத்தண்ணி வத்த கத்துறேன், யாரு கேக்குறீங்க?"

"இன்னா மேடம், யாவாரம் போவுதுன்னு பேசுறீங்களா? உங்ககிட்டதான மொதல்ல கேட்டேன், ஸ்டாக் இல்லன்னீங்க."

அதுவும் நிஜம்தான். பேனாவையும் பில்லையும் வாங்கினேன்.

போலியா?

போலி என்றே முடிவு கட்டிவிட்டேன். "டாக்டர் சீட்டு கேட்டாங்களா?" என்றேன்.

"போட்டோ எடுத்து அனுப்புனாத்தான் ஆர்டரே எடுப்பாங்க மேடம்."

சரி, அது நல்ல அடையாளம். சீட்டே கேட்காமல் இந்த மருந்தை விற்கிறவன் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது. பில்லில் லைசென்ஸ் நம்பர், முழு விலாசம், போன் நம்பர் எல்லாம் இருந்தது. பேனாவில் இருந்த பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் பில்லோடு பொருந்தின. அப்போதும் மனசு ஆறவில்லை. போன் போட்டேன். அந்தக் கம்பெனி பார்மசிஸ்ட் பெண் ஒருத்தி எடுத்தாள். கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னாள். அடப்பாவமே, குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லையே என்று எனக்கு எரிச்சல்.

கடைசியில் அவளே கேட்டாள். "மேடம், பார்சல் கைக்கு வந்தப்போ உள்ள ஐஸ் பாக்கெட் ஜில்லுன்னு இருந்துச்சான்னு கேளுங்க."

கேட்டேன். ஐயப்பன் தலையைச் சொறிந்தான்.

"கைக்கு எங்க மேடம் வந்துது? எங்க ஊரு பார்சல் எல்லாம் ரோட்டோர டீக்கடையில குடுத்துட்டு போய்க்கினே இருப்பாங்க. நான் வேலையில மாட்டிக்கினேன், ரெண்டு நாள் கழிச்சித்தான் எடுத்தேன். ஆனா டீக்கடை ஏழுமலை அண்ணன் பத்திரமாத்தான் வச்சிருந்தாரு."

"எங்க வச்சிருந்தாரு?"

"மழை பெய்யுதில்ல? மருந்தாச்சே, நனையக்கூடாதுன்னு பாய்லரை ஒட்டி வச்சிருந்தாரு."

அட ஆண்டவா! பிரிக்காத இன்சுலின் பிரிட்ஜில் இருக்க வேண்டியது. சூடு பட்டால் வீரியம் போய்விடும், பார்க்க அப்படியே இருக்கும். நல்ல மனசோடு ஒரு மனுஷன் மருந்தை வேகவைத்திருக்கிறார்.

ரஹீம் பாயின் பிளாஸ்க்

திண்டிவனத்தில் எங்கள் முதலாளிக்கு இன்னொரு கடை உண்டு. அங்கே பார்மசிஸ்ட் ரஹீம் பாய். போன் போட்டால் ஒரே ஒரு பேனா இருக்கிறது என்றார். "ஜல்தியா பஸ் ஏறுங்க பாய்!" என்றேன். ஐஸ் நேராகப் பட்டு உறைந்தாலும் மருந்து கெட்டுவிடும். அதனால் பேனாவைத் துண்டில் சுற்றி, ஐஸ் போட்ட பெரிய பிளாஸ்க்கில் வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

அதற்குள் டாக்டரம்மாவிடம் பேசிவிட்டேன். கெட்ட மருந்துக்குக் கூட்டின அளவை நல்ல மருந்தில் போட்டால் சுகர் தடாலென்று விழுந்துவிடும். "செல்விய உடனே இங்க அனுப்புங்க, அளவை நான் பாத்து சொல்றேன்," என்றார்.

மூணாம் நாள் செல்வியின் போன். "மேடம், சுகர் எறங்கிடுச்சு மேடம்." கவுன்டரில் கூட்டம் நிற்கும்போதே நான் அழுதுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த டீக்கடைக்கே போனேன், நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று. ஏழுமலைக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. "அந்தப் புள்ளைக்கு நானே எமனாவப் பாத்தேனே மேடம்," என்று கண் கலங்கினார். திட்ட வாய் வரவில்லை. பால் பாக்கெட் வைக்கிற ஐஸ் பெட்டியைக் காட்டி, மருந்துப் பார்சல் வந்தால் இதில், ஐஸில் ஒட்டாமல் வையுங்கள், உடனே எனக்கு ஒரு போன் போடுங்கள் என்று சொல்லி, டீ குடித்துவிட்டு வந்தேன்.

இப்போதெல்லாம் ஆன்லைனில் வாங்காதே என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சீட்டு கேட்கிறார்களா, லைசென்ஸும் விலாசமும் இருக்கிறதா, போனில் பார்மசிஸ்ட் கிடைக்கிறாரா, சீல், பேட்ச், எக்ஸ்பைரி சரியா என்று பார்க்கச் சொல்கிறேன். அதோடு, பார்சலை யார் வாங்குவார்கள், எங்கே வைப்பார்கள் என்றும் கேட்கிறேன். அதைக் கேட்காமல் ஒருத்தரையும் விடுவதில்லை.

செல்விக்கு அடுத்த பேனா வந்த அன்றைக்கும் மழை. ஏழுமலை கூப்பிட்டார்.

"மேடம், மருந்து வந்துக்குது. பொட்டியில எடம் பத்தல. பாலை வெளிய எடுத்துட்டு மருந்த உள்ள வச்சிட்டேன்."

"பால் கெட்டுப்போயிடுமேங்க!"

"கெட்டா இன்னிக்கி டீ இல்லன்னு சொல்லிட்டுப் போறேன். புள்ள நல்லா பொறக்கட்டும் மேடம்."

நல்லபடியாகப் பிறந்தது. பெண் குழந்தை.