தேன் போய் டீ வரும் நேரம்

துருக்காரர் வீடு எது என்று கேட்டால்தான் தெருவில் கை காட்டுவார்கள். பழைய இரும்புக் கடையில் வண்டிகளைப் பிரித்துப்போடுவது அவர் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலைமுடியிலிருந்து செருப்பு வரை துருவாக இருக்கும். மனைவி வாசலிலேயே நிறுத்தி, முதுகில் துடைப்பத்தால் நாலு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். எதிர்வீட்டுக்காரர்கள் ஆரம்பத்தில் அடிவாங்குகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணமான புதிதில்தான் கத்திப் பைத்தியமும் பிடித்தது. மனைவியின் தம்பி வேட்டைக்குப் போகிறவன். கடையில் வாங்கிய கத்தி ஒரு காட்டுப்பன்றியை உரித்து முடிப்பதற்குள் மழுங்கிவிட்டது என்று வந்து புலம்பினான்.

"லாரிக்கு அடியில பாரம் தாங்குற பட்டை இருக்கே, அது அவ்வளவும் நல்ல எஃகு மச்சான். எங்க கடையில மழையில நனைஞ்சுக்கிட்டுக் கெடக்கு. நான் அடிச்சுத் தரேன்" என்று இவர் வாயை விட்டார்.

வாயை விட்டாயிற்று, கையில் காசு இல்லை. ஓட்டை வாளிக்குள் களிமண் பூசி உலை செய்தார். தண்டவாளத் துண்டு ஒன்று பட்டறைக்கல் ஆனது. காற்று ஊத, தம்பி அக்காவுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்த ஹேர் டிரையர். "என் தலை காயாட்டியும் பரவால்ல, உங்க இரும்பு வேகட்டும்" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். பழுக்கக் காய்ச்சிய கத்தியை முக்கியெடுக்க, பலகாரக் கடையில் கழித்த எண்ணெய். முதல் கத்தியை மோந்து பார்த்த தம்பி, "அத்தான், இது வெட்டுறதுக்கா, தின்றதுக்கா?" என்று கேட்டான்.

கத்தியை அடித்து உருவாக்குவதில் அவருக்குச் சிரமம் இருந்ததில்லை. பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று வைத்திருந்தார். இரும்பு போதுமான சூடேறிவிட்டால் காந்தம் ஒட்டாது. உடனே எண்ணெயில் முக்க வேண்டியதுதான். ஆனால் அப்படி முக்கியெடுத்த கத்தி கண்ணாடி மாதிரி, கீழே போட்டால் உடையும். அதைப் பளபளவென்று தேய்த்து, முதுகுப் பக்கத்தை ஒரு சூடான இரும்புக் கட்டிமேல் வைத்து மறுபடி இளஞ்சூடு காட்ட வேண்டும். அப்போது முதுகிலிருந்து வெட்டும் வாய்ப் பக்கமாக நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும். சரியான நிறம் வாய் ஓரத்தைத் தொடும்போது தண்ணீரில் போட வேண்டும். முந்தினால் கத்தி உடையும், பிந்தினால் மழுங்கும்.

அந்த இடத்தில்தான் அவர் மாட்டிக்கொள்வார். மஞ்சள் தெரியும், நீலம் தெரியும், நடுவில் நடக்கிற கூத்து எதுவும் தெரியாது. இளவயதில் பஸ் டிரைவர் வேலைக்குப் போனபோது டாக்டர் ஒரு புத்தகத்தைப் பிரித்து, புள்ளிகளுக்குள் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார். எல்லோரும் எண்ணைச் சொன்னார்கள். இவருக்குப் புள்ளிதான் தெரிந்தது. சிபாரிசு இல்லாததால் வேலை கிடைக்கவில்லை என்று வீட்டில் சொன்னவர், அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை. கட்டிக்கொண்டவளிடமும்தான்.

"புகையில கண்ணு எரியுது. நீ பாத்துச் சொல்லேன்" என்றார் முதல் நாள்.

அவள் குனிந்து பார்த்துச் சொன்னாள். "எலுமிச்சை... இப்ப தேன்... தேன் போய் டீ வருது. டீ, டீ, போடுங்க."

போட்டார். தம்பி அந்தக் கத்தியால் பன்றியை உரித்துவிட்டு, அதே கத்தியால் மரக்கொம்பும் வெட்டிக்கொண்டு வந்தான். பிறகென்ன, அவன் கூட்டாளிகள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, அவருடைய வாழ்க்கையிலேயே நல்ல காலம் அதுதான். வாடகை வீட்டுப் பின்கட்டு, கொடியில் காயும் துணியை அவள் அவசரமாக உருவுவது, கரிப்புகை, இரண்டு தலைகளும் முட்டிக்கொள்கிற மாதிரி ஒரு சாண் இரும்பின்மேல் குனிந்து நிற்பது. குழந்தைகள் பிறந்தார்கள், வீடு மாறியது, ஹேர் டிரையர் மூன்று தடவை எரிந்துபோனது. "டீ, போடுங்க" மட்டும் மாறவில்லை. பிள்ளைகள் வேலைக்கென்று வெளியே போன பிறகு, வீட்டில் அவர் ஆசையாகக் காத்திருந்த சத்தம் அது ஒன்றுதான்.

சென்ற மழைக்காலம் முடிந்ததும் தம்பி ஒரு கையில் கட்டுடன் வந்தான். மற்றக் கையில், புதிதாகச் செய்துகொடுத்த கத்தி. நுனி இல்லை.

"எலும்புல பட்டதும் தெறிச்சிருச்சு அத்தான். கை நழுவிக் கத்தியோட கூர்ல பட்டுருச்சு. தையல் போட்டிருக்கு" என்றான்.

துருக்காரர் கத்தியை வாங்கி, உடைந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தார். "பட்டையில ஏதோ விரிசல் இருந்திருக்கும் மச்சான். இரும்பு சரியில்ல" என்றார்.

"இரும்பு மேல பழி போடாதீங்க" என்றாள் மனைவி. புடவைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தாள். "என் கண்ணுதான். கொஞ்ச நாளாவே எல்லாம் மஞ்சளா, கலங்கலா இருக்கு. டாக்டர்கிட்ட போனா ஆபரேஷன்னுவாரு, உங்களுக்கு யாரு நிறம் சொல்றதுன்னு கமுக்கமா இருந்துட்டேன். தேன் வர்றதுக்கு முன்னாடியே டீன்னு சொல்லியிருப்பேன் போல. தம்பி கையைக் கெடுத்தது நான்தான்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "ஆனா நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க? நான் தப்பாச் சொன்னப்ப ஏன் திருத்தல?"

பேசாமல் இருந்தால் போதும். பழி அவள் கண்ணோடு போய்விடும், இத்தனை வருஷம் பூட்டி வைத்தது பூட்டியபடி இருக்கும். அவர் தம்பியின் கைக்கட்டைப் பார்த்தார். அவள் பிசைந்துகொண்டிருந்த தலைப்பைப் பார்த்தார்.

"எனக்கு நிறம் தெரியாது" என்றார். "பொறந்ததுல இருந்தே. டிரைவர் வேலை போனதும் அதனாலதான். தேனும் டீயும் எனக்கு ஒண்ணுதான். உன்னை நம்பித்தான் போட்டேன், மொதக் கத்தியில இருந்து. உன் கண்ணு மங்கினது தெரியாமப் போனதும் என் தப்புதான்."

தம்பி மெதுவாக எழுந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனான்.

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கப் போகிறது என்று அவர் காத்திருந்தார்.

"அதான் சொல்லலையா?" என்றாள்.

"எதை?"

"புதுப்புடவை கட்டிக்கிட்டு வந்து முன்னால நிப்பேன். ஒரு தடவையாவது இந்தக் கலர் உனக்கு நல்லாருக்குன்னு சொல்லியிருக்கீங்களா? வாங்குன இரும்பை அவ்வளவு நேரம் பாப்பீங்க, என்னைப் பாத்துட்டு ம்னு சொல்லிட்டுப் போயிருவீங்க. என்னைப் புடிக்கலைன்னே நெனச்சுக்கிட்டிருந்தேன். இத்தனை வருஷமா."

நிறத்தைத் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்ளப் பயந்து துருக்காரர் விழுங்கிய வார்த்தைகள் அவை. புடவை விஷயத்தில் அவள் இப்படி நினைப்பாள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"புடிக்காமயா..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவள் தலைப்பை விரல்களில் பிடித்துக் கேட்டார். "இப்பக் கட்டியிருக்கியே, இது என்ன கலர்?"

அவள் தலைப்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கே சரியாத் தெரியலங்க" என்றாள். "ஆபரேஷன் முடியட்டும். பாத்துச் சொல்றேன்."