லாசாலுக்கு வந்த ஜப்பானியப் பிரதமர்

2007 செப்டம்பர் 12, புதன் மாலை. டோர்வால் விமான நிலைய வாசலில் என் பெட்டியை வாங்கிக்கொண்ட வாசகர் வட்டத்து யோகன் சொன்ன முதல் செய்தி: "ரீச்சர், உங்கட ஆள் பதவியை விட்டிட்டாராம்!"

என் ஆள் என்றால் ஜப்பானியப் பிரதமர். நான் சென்னையில் விமானம் ஏறும்போது நாற்காலியில் இருந்தவர், இறங்குவதற்குள் ராஜினாமாவை அறிவித்துவிட்டார். ஒரு வருடம்கூட முடியவில்லை. என் உரையின் கடைசிப் பக்கம் அம்பேல். மனுஷன் இன்னும் நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதா!

நான் கல்லூரியில் சரித்திரம் நடத்துபவள். ஜப்பானியப் பிரதமர் பதவியின் வரலாறு என்றால் எனக்கு உயிர். அதைத் தமிழில் கேட்கத்தான் ஊரில் ஆளில்லை. "நம்ம முதலமைச்சர்களைப் பத்திப் பேசுங்களேன் மேடம்" என்பார்கள். கனடாவில் ஈழத்தமிழர்கள் நடத்தும் லாசால் வாசகர் வட்டம் மட்டும் கூப்பிட்டது. இங்கேயும் கொட்டாவி விட்டார்களானால் இந்த ஆசையை மூட்டை கட்டிவிடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தேன்.

லாசால் அங்கிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர். வழியில் தெப்பனேர் என்று இங்கே சொல்லும் தெருமுனைக் கடையில் பால் வாங்கி, பிரெஞ்சில் "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு வந்தார் யோகன்.

வெள்ளி மாலை, அவர்கள் சமையலறையில் ஒத்திகை. யோகனின் மனைவி மலர் கத்தரிக்காய் பொரித்தபடி கேட்டுக்கொண்டிருக்க, நான் வாசித்தேன். பதவி பிறந்தது 1885இல். பழைய அரசியலமைப்பில் பிரதமர் என்ற பெயரே கிடையாது; ஒரு மந்திரியை நீக்கக்கூட அவருக்கு அதிகாரம் இல்லை.

"மந்திரியைக் கலைக்கேலாத பிரதமரோ? நல்ல வேலைதான்!" என்றாள் மலர்.

அடுத்தது 1932. இளம் கடற்படை அதிகாரிகள் துப்பாக்கியோடு பிரதமரின் இல்லத்துக்குள் நுழைகிறார்கள். அவர்களிடம் அவர் சொன்னதை வாசித்தேன்: "பேசினால் புரியும்."

மலர் அகப்பையோடு திரும்பினாள். "துவக்கோட வந்து நிக்கிறவங்களுக்குப் பேசினவரோ? மனுசனுக்குத் துணிவுதான்!"

யோகன் விழுந்து விழுந்து சிரித்தார். "ரீச்சர், எங்களுக்குப் பேசுறது எண்டால் ஏசுறது. உங்கட பாஷையில திட்டுறது."

"ஐயையோ! அப்போ எப்படிச் சொல்றது?"

"கதைச்சால் விளங்கும்," என்றாள் மலர்.

என் சென்னைக் காதுக்கு அது கதைவிடுவது போல் ஒலித்தது. ஆனாலும் சோறு போடுகிறவளிடம் வாதாட முடியுமா? திருத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை, தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபம். நாற்காலிகள் நிறைந்திருந்தன. 1932க்கு வந்தேன். "'கதைச்சால் விளங்கும்' என்றார் பிரதமர். கதைக்க ஒன்றுமில்லை என்று சுட்டுவிட்டார்கள்."

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். முன்வரிசையில் மலர் எழுந்து நின்றாள்.

"எங்கட அப்பாவும் இதைத்தான் சொன்னவர் அக்கா. வாசல்ல துவக்கோட வந்து நிண்டவங்களிட்ட. 'தம்பிமார், உள்ள வாங்கோ, கதைப்பம்' எண்டு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின்வரிசையிலிருந்து ஒருவர் மெல்ல, "பேந்து ஜப்பானில என்ன நடந்தது, ரீச்சர்?" என்றார். இரண்டாம் உலகப் போர் முடியும்வரை கட்சித் தலைவர் எவரும் பிரதமராகவில்லை என்றேன். கேள்விமேல் கேள்வி வந்தது. புதிய அரசியலமைப்பு, மந்திரியை நீக்கும் அதிகாரம், புதன்கிழமை ராஜினாமா என்று எதையும் விடவில்லை. காவலாளி விளக்கை அணைக்க வந்த பிறகுதான் எழுந்தார்கள். என் வாழ்நாளில் இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை.

ஞாயிறு. விமான நிலையத்தில் மலரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "உன்னை அழ வச்சிட்டேனே, மன்னிச்சுக்கோ. உங்க எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

"நான்தான் அக்கா சொல்லோணும்," என்றாள். "ஓடித் தப்பாமல் அவங்களோட கதைக்க நிண்டது அப்பான்ர விசர்வேலை, பைத்தியக்காரத்தனம் எண்டுதான் சனம் சொன்னது. நானும் அப்பிடித்தான் நினைச்சிருந்தனான். ஒரு நாட்டின்ர பிரதமரும் அப்பிடித்தான் நிண்டவர் எண்டு இப்பதானே தெரியுது."