அண்ணன் இருக்கும் கேசட்

சுற்றும் பொருள் எதன் மேலும் அப்பாவுக்கு நம்பிக்கை கிடையாது. "சுத்துறதெல்லாம் உப்புக் காத்துல ஒருநாள் நின்னுடும்" என்பார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அணு ஆராய்ச்சி ஊழியர் குடியிருப்பில் எங்கள் வீடு. ஜன்னல் கம்பியே அங்கே சீக்கிரம் உதிர்ந்துவிடும். அதனால் தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணன் வீடியோ கேம் கேட்டபோது, ஊரெல்லாம் சிடி போடும் பெட்டியை வாங்க, அப்பா கேசட் செருகும் பெட்டியை வாங்கி வந்தார். பாட்டு கேசட் போல நாடா கிடையாது, உள்ளே வெறும் சில்லுதான். மோட்டார் இல்லை, லென்ஸ் இல்லை, தேய்வதற்கு ஒன்றுமில்லை. கணக்கு சரிதான். எப்போதும் கணக்கு சரியாக இருக்கும் மனிதரோடு குடும்பம் நடத்துவதுதான் பெரும்பாடு.

ஊர் வேறு கணக்குப் போட்டது. சென்னை நடைபாதைகளில் காப்பி சிடிகள் மலிவாகக் குவிந்து கிடந்தன. எங்கள் பெட்டிக்கான கேசட் கண்ணில் படுவதே அரிது, பட்டாலும் யானை விலை. செங்கல்பட்டு கேம்ஸ் கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "கேசட்டா? அத இன்னாத்துக்கு வாங்கினீங்க? இப்ப எல்லாம் சிடிதான் ஓடிகினு கீது."

எங்களிடம் இருந்தது ஒரே கேசட். காடுமேடெல்லாம் அலைந்து பேய்களோடு சண்டை போடும் ஒரு வீரனின் கதை. வீரனுக்கு அண்ணன் தன் பெயரையே வைத்தான். பாதியிலேயே சலித்துப்போனான். நண்பர்கள் யாரும் எங்கள் வீட்டுக்கு விளையாட வரவில்லை. அவன்தான் சிடி இருக்கும் இடம் தேடிப் போனான்.

அப்படிப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், நண்பனின் பைக்கை லாரி அடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் வீடு திரும்பவில்லை. 'சிடி பெட்டி வாங்கியிருந்தால் பிள்ளை வீட்டிலேயே இருந்திருப்பான்' என்று அப்பாவிடம் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பல வருஷம் கழித்து, சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு விடுமுறையில் அந்தப் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். அக்கம்பக்கத்துச் சிடி பெட்டிகளெல்லாம் கண் அவிந்து குப்பைக்குப் போயிருந்தன. எங்களுடையதில் உடனே விளக்கு எரிந்தது. சிடி பெட்டியில் ஆட்டத்தைத் தனி கார்டில் சேமிக்க வேண்டும், அது கைமாறிக் காணாமல் போகும். இதில் எல்லாம் கேசட்டுக்குள்ளேயே பதியும். திரையில் அண்ணன் பெயர். பக்கத்தில் ஆடிய நேரம். அவன் ஆடியதைவிடப் பல மடங்கு. அடுத்த வாரம் பார்த்தபோது இன்னும் ஏறியிருந்தது. அப்பாதான் ஆடுகிறார் என்று நினைத்தேன், ஆத்திரமும் வந்தது.

சொல்லாமல் ஒரு வேலைநாள் மதியம் வீட்டுக்குப் போனேன். டிவி முன்னால் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு சின்ன வீடு, எரியும் அடுப்பு, பக்கத்தில் அசையாமல் வீரன்.

"என்னம்மா பண்றே?"

"ஒண்ணுமில்ல. இருக்கான்."

கேம் ரிமோட்டை எடுத்து வீரனை வாசல் தாண்டி நடத்தினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வெளிய கூட்டிட்டுப் போகாதடி. திடீர்னு எதுவாவது வந்து அடிச்சுடுது."

அவளே அவனைத் திருப்பி வீட்டுக்குள் கொண்டுவந்து அடுப்பருகே நிறுத்தினாள். சாப்பாட்டுக்கு வந்த அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பதிஞ்சுடுச்சான்னு பாருங்க."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"பதிஞ்சுடுச்சு. உள்ளதான் இருக்கான்" என்றார்.