சந்தனப் பொட்டு வைத்த சீடி

தெரணியகலை கடைத்தெருவில் மங்கையர்க்கரசியின் கொமினிகேஷன் கடை எப்போதும் நெரிசல்தான். போட்டோ பிரதி, வெளிநாட்டுக்குப் போன் கோல், கல்யாணக் கார்டு என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். ஆனால் மூன்று வருடமாக, கிடைத்த ஓய்வில் எல்லாம் அவர் செய்துவந்த இன்னொரு வேலையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கணினியில் எழுத உதவும் 'ஏடு' என்ற மென்பொருளைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலை அது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் கூடி உருவாக்கியது. யாரும் எடுக்கலாம், உள்ளே திறந்து திருத்தலாம், நாலு பேருக்குக் கொடுக்கலாம்.

முதல் பதிப்பு வெளியானபோது குறை சொல்லித் தமிழில் ஒரு முறைப்பாடுகூட வரவில்லை. குறையே இல்லாத மென்பொருள் உலகத்தில் ஏது? யாரும் திறந்தே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். 2008 சித்திரையில் இரண்டாம் பதிப்பு வரவிருந்தது. இந்த முறையும் தமிழ்ப் பக்கம் சத்தமில்லாமல் கிடந்தால் அடுத்ததில் தமிழ் இருக்காது என்று குழு எழுதிவிட்டது. ஊருக்கு ஊர் விளம்பரத் திட்டம் போடுங்கள் என்றும் கேட்டது.

மற்ற ஊர்க்காரர்கள் மண்டபம் பிடித்தார்கள். மங்கையர்க்கரசி தன் தம்பி உதயராஜைப் பிடித்தார். அவனிடம் ஒரு த்ரீவீலும், அதன் கூரையில் ஒரு ஒலிபெருக்கியும் இருந்தன. ஏட்டைப் பதிந்த சீடிப் பெட்டி ஒன்றும் வண்டியில் ஏறியது.

"இலவசம்னு கத்தவாக்கா?"

"நல்லாக் கத்து."

கத்தினான். கடைத்தெரு நம்பவில்லை.

"நோமிலேயா, சும்மாவா? ஏன், எலக்ஷன் வருதா?" என்றார் பலசரக்குக் கடைக்காரர். "கள்ள சீடிக்கே ரத்தினபுரி பஸ் ஸ்டாண்டுல காசு கேக்குறான். சும்மா குடுத்தா அதுல என்னமோ இருக்கு."

சாயந்தரம் உதயராஜ் திரும்பி வந்தான். "அக்கா, ஒன்னு போயிருச்சு!"

"யாரு வாங்குனா?"

"நான்தான். வண்டியில தொங்க விட்டிருக்கேன். என்னமா மினுக்குது தெரியுமா?"

கூட்டம் நம்மிடம் வராவிட்டால் நாம் கூட்டத்திடம் போவோம் என்று முடிவெடுத்தார் மங்கையர்க்கரசி. அந்த வாரமே ரப்பர் தோட்டத்து மேல் டிவிசன் மாரியம்மன் கோயிலில் தேர். பூசாரி முத்துவீரன் உடனே சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"புதுசா எது வந்தாலும் மொதல்ல ஆத்தா காலடிக்கு வரணும்மா. புது சைக்கிள், ரப்பர் வெட்டுற புது பால்கத்தி எல்லாம் அப்படித்தான். அப்புறம் நானே என் கையால குடுக்கிறேன். எவன் வேணாம்பான்?"

இதைவிட நல்ல விளம்பரம் எங்கே கிடைக்கும்? சீடிப் பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டு மங்கையர்க்கரசி பேனர் கட்டப் போனார். திரும்பி வரும்போது வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு சீடி. ஒவ்வொன்றின் மினுமினுக்கும் பக்கத்திலும் நடுவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"பூசாரியண்ணே! அந்தப் பக்கத்துலதாங்க எல்லாமே இருக்கு! பொட்டு இருந்தா மிஷின் படிக்காது!"

"கண்ணாடி மாதிரி இருக்கிறதுதானேம்மா மொகம்?" என்றார் முத்துவீரன். "முதுகுலயா பொட்டு வைப்பாங்க?"

உதயராஜ் ஒலிவாங்கியைப் பிடுங்கி, கழுவிவிட்டுப் போடுங்கள் என்று அறிவித்தான். கூட்டத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாமி பொட்டை நாங்க கழுவுறதா? வாய் கூசல?" என்று கேட்டார் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டும் மூக்காயி. பலர் சீடியை அப்படியே சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கிளம்பினார்கள். மூன்று வருட உழைப்பு தோட்டத்து வீடுகளுக்கு லயம் லயமாகப் போய்ச் சாமி மாடத்தில் உட்காரப் போகிறது. மங்கையர்க்கரசிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "நீங்க வச்சது. நீங்களே எடுத்தா குத்தமில்லதானே?" என்று பூசாரியிடம் கேட்டார்.

முத்துவீரன் யோசித்தார். "நான் எடுக்கலாம். தண்ணிய கால் படாத எடத்துல ஊத்தணும்."

மறுநாள் கடை வாசலில் பித்தளைச் சட்டியோடு உட்கார்ந்தார் பூசாரி. சீடியை அலசி, பஞ்சால் ஒற்றி, தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்றினார். அவருக்கு முன்னால் வரிசை பஸ் நிறுத்தம்வரை நீண்டது. கழுவியது வேலை செய்கிறதா என்று பார்க்காமல் ஒருவரும் நகரவில்லை. ஆகவே ஒவ்வொருவரும் உள்ளே வந்தார்கள், கணினி முன் உட்கார்ந்தார்கள், ஏட்டைத் திறந்தார்கள். பலசரக்குக் கடைக்காரரும் வந்தார். கேட்டதற்கு, நிழலுக்கு ஒதுங்கியதாகச் சொன்னார். வீட்டில் கணினி இல்லாதவர்களும் வந்தார்கள். மூக்காயி ஒற்றை விரலால், 'ஆட்டுக்குட்டி விற்பனைக்கு' என்று தானே அடித்தார்.

"தங்கச்சி, எழுத்து எறும்பாட்டம் இருக்கு. யாரு செஞ்சது இத?"

மங்கையர்க்கரசி அந்தக் கேள்வியை அப்படியே குழுவுக்கு அனுப்பினார். தமிழில் வந்த முதல் முறைப்பாடு! அடுத்து ஆசிரியர்கள் புள்ளி விழவில்லை என்றார்கள், பையன்கள் அச்சு கோணுகிறது என்றார்கள். தமிழ்ப் பக்கம் சந்தைபோல இரைந்தது. தமிழ் தொடரும் என்று குழு எழுதியது. எப்படிச் சாதித்தீர்கள் என்றும் கேட்டது. அவர் பொட்டு வைத்த சீடியின் படம் ஒன்றை அனுப்பினார்.

மூன்றாம் பதிப்பின் சீடி 2009இல் வந்தது. பெயர் எழுதிய பக்கத்தில் அழகாக ஒரு சந்தனப் பொட்டு அச்சிட்டிருந்தார்கள். மங்கையர்க்கரசி அதை ஓடிப்போய் முத்துவீரனிடம் காட்டினார்.

அவர் சீடியைத் தள்ளிப் பிடித்து நிதானமாகப் பார்த்தார்.

"யாரும்மா வச்சது? குங்குமம் நடுவுல இல்லையே."

அதையும் முறைப்பாடாக அனுப்பினார் மங்கையர்க்கரசி.