நெஞ்சுக்குள் சுருங்கிய நிழல்

முருகன் சந்நிதியில் கூடியிருக்கும் உங்கள் முன்னே, என் வீட்டில் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

அது யுத்த காலம். என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் மிளகு, ஏலம் விற்கும் ஒரு மலஞ்சரக்குக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஓர் ஆடி மாதத்தில் அவருக்கு முகமும் கழுத்தும் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தபடியே தூங்குவார். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சின் நடுவே கட்டி, புற்றுநோய்தான் என்றார் டாக்டர். அறுக்க முடியாது, எக்ஸ்ரே கதிரையே நெஞ்சில் பாய்ச்சிக் கரைத்துப் பார்க்கலாம், கரையுமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார். எங்களுக்கு இரண்டு பெண்குழந்தைகள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சிகிச்சை தொடங்கியதும் அவர் இன்னும் மோசமானார். கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை. நெஞ்சுத் தோல் கருத்தது. ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக ஜட்கா வண்டி வாசலில் வந்து நின்றும் அவர் எழுந்திருக்கவில்லை.

"போதும். இனி என்னால ஆகாது. சாகணும்னா பிள்ளைகளுக்குப் பக்கத்துல கெடந்து சாகுறேன்" என்றார்.

போகச் சொன்னால் கொடுமை. நிறுத்தச் சொன்னால் நானே கைவிட்டதாகும். முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். பிழைக்க வை என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. "முருகா, தொடரணுமா நிறுத்தணுமா, எங்களுக்குத் தெரியும்படி காட்டு" என்று மட்டும் அழுதுகொண்டே கேட்டேன். அழுகை அடங்கியது. நிறுத்துவதானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று அவரைக் கூப்பிட்டேன். இசைந்தார்.

டாக்டர் மலையாளி. அவர் வற்புறுத்தவில்லை. நிறுத்துமுன் ஒரு படம் எடுத்துப் பார்ப்போம் என்றார். படம் உலர்ந்ததும், பழையதையும் புதியதையும் ஜன்னல் வெளிச்சத்தில் அருகருகே பிடித்தார். பழையதில் மாங்காய் அளவுக்கு ஒரு வெள்ளை நிழல். புதியதில் அது எலுமிச்சை அளவுக்கு ஒடுங்கியிருந்தது.

"நோக்குங்க. க்ஷீணம், தளர்ச்சியெல்லாம் உடம்புக்குத்தான். கட்டி பாதிக்கு மேல போயாச்சு."

என் வீட்டுக்காரர் இரண்டு படங்களையும் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு என்னிடம், "நாளைக்கும் வண்டிக்குச் சொல்லிரு" என்றார். அந்த ஜன்னலோரத்திலேயே கைகூப்பினேன்.

அடுத்து வந்த தை மாதம் எடுத்த படத்தில் நிழல் இல்லை. அவர் மறுபடி கடைக்குப் போகிறார். இடையிடையே படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பயம்தான். ஆனால் தனியாக இருக்கிறேன் என்று தோன்றுவதில்லை.

இப்போது எக்ஸ்ரே அறை வாசலில் துணையில்லாமல் காத்திருக்கும் பெண்களைக் கண்டால், நான் பக்கத்தில் போய் உட்காருகிறேன். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு தவிப்பு இருந்தால் முருகனிடம் கேளுங்கள். வைத்தியத்தையும் விடாதீர்கள். கூட வர ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.